‘அவரு எந்த ஊரு?’

நஞ்சில்லா வேளாண்மையைச் செல்போன் திரையில் கற்றுக்கொள்ளும் காலம் இது. அந்தத் திரையை விவசாயி எப்போது நம்புகிறார்? 1967-ல் டெல்லி புசாவில் தொடங்கிய ஒரு தேடலின் கதை.

டெல்லி கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் புசா ரோடு. தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் ஐ.ஏ.எஸ். கனவோடு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ராஜேந்திர நகர். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றும் இந்தச் சாலையின் பெயரில்தான் அறியப்படுகிறது. இங்கே வசிக்கும் தமிழர்களில் பலர் தினமும் சொல்லும் பெயர், புசா. ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தமான ஊர் டெல்லியில் இல்லை. அது பிகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் இருக்கிறது.

1905-ல் ஆங்கிலேய அரசு அந்த ஊரில்தான் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. 1934 ஜனவரி 15 அன்று பிகாரைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தது. 1936-ல் நிலையம் டெல்லிக்கு வந்தது. வரும்போது ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. சுமார் 500 ஹெக்டேர் பரப்பில், மாநகரத்தின் நடுவே கோதுமையும் கடுகும் விளையும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை, டெல்லி ஆட்டோக்காரரிடம் முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் யோசிப்பார். ‘புசா’ என்றால் போதும்.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இயக்குநராக இருந்தது இங்கேதான். பசுமைப் புரட்சியின் கோதுமை பரவியதும் இங்கிருந்துதான். இவை பலருக்கும் தெரிந்த செய்திகள். அதே ஆண்டுகளில் இங்கே வேறொரு விதையும் ஊன்றப்பட்டது. வேளாண்மையைத் திரையில் காட்டி விவசாயியின் மனதை மாற்ற முடியுமா என்ற கேள்விதான் அந்த விதை. இன்று ஆளுக்கொரு செல்போனில் விவசாய வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போகும் நமக்கு, அந்தக் கேள்வியின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

80 கிராமங்கள், ஒரு பெட்டி

1967 ஜனவரி 26. குடியரசு தினம். அன்று டெல்லித் தொலைக்காட்சியில் ‘கிருஷி தர்ஷன்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஊர் மக்கள் ஒன்றாகக் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள். விக்ரம் சாராபாய் தலைமையிலான அணுசக்தித் துறை, அகில இந்திய வானொலி, டெல்லி நிர்வாகம் ஆகியவற்றோடு புசாவும் இந்த முயற்சியில் கைகோத்திருந்தது.

அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. பெட்டி வீட்டுக்குள் இல்லை, ஊர்ப் பொதுவில் இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் பேச்சு தொடங்கும். ஒருவர் நம்புவார், ஒருவர் மறுப்பார், மூன்றாமவர் தன் வயலில் நடந்ததைச் சொல்வார். புது விஷயம் ஊருக்குள் வேர்பிடிப்பது இப்படிப்பட்ட பேச்சில்தான்.

எட்டு ஆண்டுகள் கழித்து இந்தச் சோதனை வானத்துக்கே போனது. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ‘சைட்’ என்ற திட்டத்தில் நிகழ்ச்சிகள் போயின. அதே ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் பிறந்தது. அது நமக்குத் தந்த ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியை நாற்பது வயது தாண்டிய எந்தத் தமிழரும் மறந்திருக்க மாட்டார்.

இதற்கெல்லாம் முன்பே தஞ்சாவூர் ஒரு பாடம் சொல்லியிருந்தது. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி-27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தபோது, அதைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் பேசியது. கேட்ட விவசாயிகள் விதைத்தார்கள். அந்த நெல்லுக்கு டெல்டா மக்கள் வைத்த பெயர், ‘ரேடியோ நெல்’. தங்களிடம் வந்துசேர்ந்த வழியையே விவசாயிகள் ஒரு ரகத்துக்குப் பெயராக வைத்த அதிசயம் அது.

கடையில் விற்க முடியாத அறிவு

ஆனால், ஒரு புது விதையைப் பரப்புவதும் நிலத்தைக் கெடுக்காத சாகுபடியைப் பரப்புவதும் ஒன்றல்ல. விதை ஒரு பொருள். பையில் அடைக்கலாம், கடையில் விற்கலாம், சுவரில் விளம்பரம் எழுதலாம். பூச்சிமருந்துக்கும் உரத்துக்கும் அப்படித்தான். பஞ்சகவ்யமோ, மூடாக்கோ, ஒற்றை நாற்று நடவோ அப்படிப்பட்டவை அல்ல. அவை பக்குவங்கள். நிறம் எப்படி மாற வேண்டும், வாசனை எப்போது வர வேண்டும், கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று கண்ணும் மூக்கும் கையும் கற்க வேண்டியவை.

ஒற்றை நாற்று நடவையே எடுத்துக்கொள்வோம். 1980-களில் மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லௌலனி என்ற பாதிரியார் உருவாக்கிய இந்த முறையை, நாம் செம்மை நெல் சாகுபடி என்கிறோம். ‘14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவும்’ என்று துண்டறிக்கையில் ஒரே வரியில் அச்சடித்துவிடலாம். வயலில் நிற்பவருக்கு அந்த வரி போதாது. இரண்டு இலை விட்ட பிஞ்சு நாற்றை வேர் அறாமல், ஒட்டியிருக்கும் மண்ணோடு எப்படி எடுப்பது? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, சேற்றில் ஆழமாகக் குத்தாமல், பக்கவாட்டில் சரித்து வைக்க வேண்டும். குத்தி நட்டால் வேர் நுனி மேல் நோக்கி மடங்கிக்கொள்ளும். மறுபடி கீழே திரும்பிப் பிடிக்கவே நாட்கள் ஆகும். முப்பது வருடம் கொத்துக் கொத்தாக நட்டுப் பழகிய கைக்கு இது புதுப் பழக்கம். நடவு நட வந்த பெண்கள் வயலைப் பார்த்ததும், ‘இத்துனூண்டு நாத்த வச்சிட்டு என்னத்த அறுக்கப் போறீங்க?’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கையையும், முப்பதாவது நாளில் அதே வயல் தூர் கட்டி நிறைந்து நிற்பதையும் அடுத்தடுத்துக் காட்டினால் விளங்கிவிடும். இதைக் காட்ட வீடியோவைவிட நல்ல கருவி இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. குறைவான விதை, குறைவான தண்ணீர், கடையில் எதுவும் வாங்காத இடுபொருள் என்று ஒரு விவசாயி மாறினால், அதில் லாபம் பார்க்கும் நிறுவனம் எதுவும் இல்லை. அதனால் அதற்கு விளம்பரமும் கிடையாது. செய்து பார்த்த விவசாயியின் வாய்தான் அதற்கு ஒரே விளம்பரம்.

2003-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் விவசாயிகளிடம், ‘புதிய தொழில்நுட்பத்தை யாரிடமிருந்து தெரிந்துகொள்கிறீர்கள்?’ என்று கேட்டது. முன்னோடி விவசாயிகளிடமிருந்து என்றவர்கள் 16.7 சதவிகிதம். இடுபொருள் விற்பவர்களிடமிருந்து என்றவர்கள் 13.1 சதவிகிதம். அரசின் விரிவாக்கப் பணியாளரிடமிருந்து என்றவர்கள் வெறும் 5.7 சதவிகிதம். புசாவிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் கண்டுபிடிக்கும் அறிவு வரப்பை எட்டுவதற்குள், உரக்கடைக்காரரின் ஆலோசனை முந்திக்கொள்கிறது. விவசாயி முதலில் கேட்பது இன்னொரு விவசாயியை. நல்ல வீடியோ இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் கேள்வி

அப்படித் தொடங்கிய ஒரு முயற்சி பெங்களூரில் நடந்தது. ரிகின் காந்தி, அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளி இளைஞர். எம்.ஐ.டி-யில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். விண்வெளி வீரராக வேண்டும் என்று கனவு கண்டவர். 2006-ல் பெங்களூர் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தபடி, கர்நாடகத்தில் பாரம்பரிய விதைகளைக் காத்துவந்த வனஜா ராம்பிரசாத்தின் ‘கிரீன் ஃபவுண்டேஷன்’ அமைப்போடு சேர்ந்து கிராமங்களுக்குப் போனார். உள்ளூர் விவசாயி தன் வயலில் செய்வதை, அவர் பேச்சிலேயே, சில நிமிடங்களுக்குப் படமெடுத்து, அக்கம்பக்கத்து விவசாயிகளைச் சிறு குழுவாக உட்காரவைத்துப் போட்டுக்காட்டினார்கள். ‘டிஜிட்டல் கிரீன்’ அப்படிப் பிறந்தது. 2008-ல் தனி அமைப்பானது.

இந்தப் படங்களைப் போட்டுக்காட்டும்போது கூட்டத்திலிருந்து எழுந்த முதல் கேள்வி பல ஊர்களிலும் ஒன்றாகவே இருந்தது. எவ்வளவு விளைந்தது என்றோ, எவ்வளவு செலவு என்றோ அல்ல. ‘அவர் பேர் என்ன? எந்த ஊர்?’ என்பதே அது.

இந்தக் கேள்வி நம் ஊரில் எவ்வளவு இயல்பானது! பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடமும், சம்பந்தம் பேச வந்தவரிடமும் நாம் முதலில் கேட்பது ஊரைத்தான். ஊர் தெரிந்தால் மண் தெரியும். மண் தெரிந்தால் தண்ணீர் தெரியும். செம்மண் கிணற்றுப் பாசனக்காரர் சொல்வது, கடைமடைக் களிமண்காரருக்குப் பொருந்துமா என்று மனசு அந்த நொடியே கணக்குப் போட்டுவிடும். ‘அவருக்கு முடிஞ்சா நமக்கும் முடியும்’ என்ற நம்பிக்கை, ஊர்ப் பெயரில்தான் தொடங்குகிறது.

பலன் கணக்கிலும் தெரிந்தது. 13 மாதங்கள், 16 கிராமங்களில் நடந்த சோதனையில், வழக்கமான விரிவாக்கப் பணியோடு ஒப்பிட்டால், வீடியோ காட்டிய ஊர்களில் புதிய முறைகளைக் கடைப்பிடித்தோர் ஆறேழு மடங்கு அதிகம். ஒரு விவசாயியை மாற்ற ஆகும் செலவோடு பார்த்தால், பத்து மடங்கு பலன். பிறகு பிகாரில், ‘ஜீவிகா’ திட்டத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் இந்த முறை போனது. புசா என்ற ஊர் இருக்கும் அதே மாநிலத்தில், பேட்டரியில் ஓடும் கையடக்க புரொஜெக்டர் வெளிச்சத்தில், பெண்கள் ஒற்றை நாற்று நடவைச் சுவரில் பார்த்தார்கள். எத்தியோப்பியா வரைக்கும் இது பரவியது.

இந்த வெற்றியை வெறும் வீடியோவின் வெற்றி என்று படித்தால் தவறாகிவிடும். ஊரில் பயிற்சி பெற்ற ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருப்பார். விதை நேர்த்தி செய்யும் இடம் வந்ததும் படத்தை நிறுத்துவார். ‘இங்க எவ்வளவு உப்பு போட்டாங்க, யார் கவனிச்சீங்க?’ என்று கேட்பார். தவறாகச் சொன்னால் பின்னுக்கு ஓட்டி மறுபடி காட்டுவார். யார் செய்து பார்க்கப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்வார். பிறகு அவர்கள் வயலுக்கே போய்ப் பார்ப்பார். 1967-ல் 80 கிராமங்களில் பொதுப் பெட்டியைச் சுற்றி நடந்த பேச்சுதான் இங்கே திரும்பி வந்தது. இம்முறை படத்தை நிறுத்தும் வசதியோடு. தனியாக உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டே போகும்போது நாம் தொலைப்பது இந்த நிறுத்தத்தைத்தான்.

பட்டேல் ஷாட், சங்கம் ஷாட்

கேமராவை யார் பிடிக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதிப் பெண்கள் விடை சொன்னார்கள். பி.வி.சதீஷ் வழிநடத்திய தக்காண மேம்பாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த அந்தப் பெண்கள் பெரும்பாலும் தலித் சிறு விவசாயிகள். பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். மானாவாரியில் சிறுதானியங்களையும் பயறுகளையும் கலந்து விதைப்பவர்கள். வீடியோ கேமராவைக் கையில் எடுத்து, 2001-ல் தங்களுக்கென்று சமூக ஊடக அமைப்பையே கட்டினார்கள்.

திரைப்படப் படிப்பில் கேமராக் கோணங்களுக்கு இருக்கும் பெயர்கள் அவர்களுக்கு ஒட்டவில்லை. சொந்தமாகப் பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் ‘பட்டேல் ஷாட்’. நிலக்கிழார் கூலியாட்களைப் பார்க்கும் பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது, அடிமை எஜமானைப் பார்க்கும் ஷாட். கண்ணுக்கு நேராக வைப்பது ‘சங்கம் ஷாட்’. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை. தங்கள் படங்களுக்கு அவர்கள் விரும்பிய கோணம் அதுதான்.

வேளாண் தொடர்பியலுக்கு இதைவிடச் சுருக்கமான பாடப்புத்தகம் எழுத முடியாது. மேடையில் நின்று அறிவுரை சொல்லும் வீடியோ பட்டேல் ஷாட். ‘ஏக்கருக்குப் பத்து லட்சம் லாபம்’ என்று ஒருவரை அண்ணாந்து பார்க்கவைக்கும் வீடியோ அடிமை ஷாட். இரண்டிலும் பார்ப்பவருக்குக் கேள்வி கேட்க இடமில்லை.

இந்தப் பெண்கள் செய்த இன்னொரு காரியமும் முக்கியமானது. மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி 2002-ல் அனுமதிக்கப்பட்ட பிறகு, வாரங்கல் பகுதி விவசாயிகளிடம் போய்ப் படமெடுத்தார்கள். ஒருமுறையோடு நிறுத்தவில்லை. பருவம் மாறிப் பருவம் திரும்பப் போய், மூன்று ஆண்டுக் கதையைப் பதிவு செய்தார்கள். விதைத்த நாளின் முகத்தையும் கணக்குப் பார்த்த நாளின் முகத்தையும் ஒரே ஆளிடம் காட்டினார்கள். இன்று நம் செல்போனுக்கு வரும் விவசாய வீடியோக்களில் பெரும்பாலும் இல்லாதது இந்தத் திரும்பிப் போதல்தான்.

நான்கு கேப்ஸ்யூல், 25 நாள்

புசாவிலிருந்தே ஓர் உதாரணம். அக்டோபர் வந்தால் டெல்லி மூச்சுத் திணறும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த பிறகு நிற்கும் தாளை விவசாயிகள் எரிப்பது அதற்கு ஒரு காரணம். அதற்கு மாற்றாக புசா விஞ்ஞானிகள் உருவாக்கியது ‘புசா டீகம்போஸர்’. தாளை மக்கவைக்கும் பூஞ்சைகள் அடங்கிய சின்னக் கேப்ஸ்யூல்கள். 2020 அக்டோபரில் டெல்லி அரசு இதைத் தன் எல்லையிலுள்ள வயல்களில் தெளிக்கத் தொடங்கியது.

செய்முறை சமையல் குறிப்பு போல எளிமையானது. 150 கிராம் வெல்லத்தை 5 லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே வரும் அழுக்கை எடுத்துவிட்டு, ஆறவிட வேண்டும். 50 கிராம் கடலை மாவைக் கரைத்து, நான்கு கேப்ஸ்யூல்களை உடைத்துக் கலக்க வேண்டும். வாயகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணியால் மூடிவைத்தால், சில நாட்களில் மேலே பூஞ்சை ஏடு படரும். மறுபடி மறுபடி வெல்லத் தண்ணீர் சேர்த்து 25 லிட்டராக வளர்த்தெடுக்கலாம். ஒரு ஹெக்டேருக்குப் போதும். தெளித்து, மண்ணோடு கலந்து, ஈரம் காக்க வேண்டும்.

வீடியோவுக்கு அருமையான விஷயம். வெல்லம் கரைவது தெரியும், ஏடு படர்வது தெரியும். ஆனால், தாள் மக்குவதற்கு 20 முதல் 25 நாட்கள் வேண்டும். பஞ்சாப் விவசாயிக்கு நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே பல நேரம் அவ்வளவு நாள் கிடைப்பதில்லை. நிலத்தடி நீரைக் காக்க, நடவைத் தள்ளிப்போடச் சொல்லி 2009-ல் சட்டம் வந்தது, அறுப்பும் தள்ளிப்போனது. புசா-44 போன்ற நீண்ட கால நெல் ரகத்தை வைத்திருந்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். அதனால்தான் பலர் தீக்குச்சியை எடுத்தார்கள். அவர்கள் சுற்றுச்சூழல் மீது அக்கறை இல்லாதவர்கள் என்று நகரம் தூற்றியது. அவர்களிடம் இல்லாதது நாட்கள்.

கேப்ஸ்யூலை மட்டும் காட்டி, நாட்களைச் சொல்லாத வீடியோ நேர்மையானது அல்ல. ‘இந்தக் கரைசல் வேலை செய்ய இவ்வளவு நாள், இவ்வளவு ஈரம் வேண்டும், அதற்கு இந்தக் குறுகிய கால ரகத்தைப் போட வேண்டும்’ என்று முழுச் சங்கிலியையும் சொன்னால்தான் அது விவசாயிக்குப் பயன்படும். நிலைத்த வேளாண்மை என்பது ஒற்றை மருந்தில் இல்லை. ஒன்றை மாற்றினால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவையும் மாற வேண்டும். ஒரு நிமிட ரீல்ஸில் இது அடங்காது.

புசா தன் பங்கைச் செய்யாமல் இல்லை. 2020 ஆகஸ்டில் ‘புசா சமாச்சார்’ என்ற வாராந்தர வீடியோ நிகழ்ச்சியை யூடியூபில் தொடங்கியது. கொரோனா காலத்தில் வயலுக்குப் போக முடியாமல் முடங்கிய விரிவாக்கப் பணிக்கு அது மாற்று வழியானது. இந்தியில் தொடங்கி மற்ற மொழிகளுக்கும் போயிற்று. பருவத்துக்கு ஏற்ற ஆலோசனையை விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். ஊரடங்கில் தவித்த விவசாயிக்கு அது பெரிய துணை.

மறுபக்கம், தூர்தர்ஷன் கிசான் சேனல் 2024 மே 26 அன்று இரண்டு செயற்கை நுண்ணறிவுத் தொகுப்பாளர்களை அறிமுகம் செய்தது. பெயர், கிரிஷ், பூமி. 50 மொழிகளில், ஓய்வில்லாமல், சந்தை விலையும் வானிலையும் வாசிக்க அவர்களால் முடியும். தகவலுக்கு அது போதும். ஆனால், வரப்பில் நிற்பவர் ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. அந்தப் பதில் விவசாயிகளிடம்தான் இருக்கிறது. அவர்கள் முகமும் குரலும் அதிகம் வரவேண்டிய காலம் இது.

நம் கையில் உள்ள கேமரா

தமிழ்நாட்டில் இதற்கு வழிகாட்டியை வெளியில் தேட வேண்டியதில்லை. தஞ்சை இளங்காட்டில் பிறந்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு, இயற்கை வேளாண்மையைப் பரப்ப ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். அவர் பேச்சு இன்றும் ஆயிரக்கணக்கான செல்போன்களில் கேட்டுக்கொண்டிருக்கிறது. பச்சைத் துண்டும் வெள்ளைத் தாடியுமாக, கையில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு பேசுவார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மொழியில் பேசுவார். அவர் வைத்தது எப்போதும் சங்கம் ஷாட்தான்.

அவர் வழியில் வந்த இளைஞர்கள் பலர் இன்று வயலில் கேமராவோடு நிற்கிறார்கள். 2016-க்குப் பிறகு டேட்டா மலிவானதும், கடைக்கோடி ஊருக்கும் வீடியோ போய்ச் சேர்கிறது. அவர்களிடமும், அவர்களைப் பார்க்கும் விவசாயிகளிடமும் ஒரு வேண்டுகோள்.

படம் பிடிக்கும்போது முதலில் ஊரைச் சொல்லுங்கள். மண் எது, தண்ணீர் கிணறா, ஆறா, போரா என்று சொல்லுங்கள். செலவைச் சொல்லும்போது, வீட்டு ஆட்களின் உழைப்பையும் கூலியாகக் கணக்கில் சேருங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லுங்கள். முதல் வருடம் விளைச்சல் குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ரசாயனத்திலிருந்து மாறும் நிலத்துக்கு அந்தத் தடுமாற்றம் இயல்பு. அதை மறைத்தால், நம்பி இறங்கியவர் இரண்டாம் பருவத்தில் மறுபடி உரக்கடைக்கே போய்விடுவார். அவரோடு அவர் பக்கத்து வயல்காரரும் போய்விடுவார். பொய்யான ஒரு வீடியோ இயற்கை வேளாண்மைக்குச் செய்யும் கேடு, எந்தப் பூச்சியும் செய்யாதது.

பார்ப்பவர்கள் தனியாகப் பார்க்காதீர்கள். குழுக் கூட்டத்திலோ, களத்துமேட்டிலோ நாலு பேர் சேர்ந்து பாருங்கள். நிறுத்துங்கள். பேசுங்கள். முதலில் கால் காணியில் செய்து பாருங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் புசாவில் வேளாண் அறிவியல் மேளா நடக்கிறது. பல மாநிலங்களிலிருந்தும் தலைப்பாகையும் துண்டுமாக விவசாயிகள் வருகிறார்கள். பாத்தி பாத்தியாக நட்டு வைத்த ரகங்களுக்கு நடுவே நின்று செல்போனில் படமெடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்குப் போய்க் காட்டத்தான். அப்படி எடுத்துப் போகும் ஒவ்வொருவரும் ஊரில் ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம். ‘நானே போய்ப் பாத்தேன், இந்தக் கையால தொட்டுப் பாத்தேன்’ என்று அவர் சொல்லும்போது, 1967-ல் புசா தேடிய விடை அந்தப் பேச்சில் கிடைத்துவிடுகிறது.

ஒன்று மட்டும் அவர் செய்ய வேண்டும். மேளாவில் வாங்கி வந்த விதையைத் தன் வயலில் போட்ட பிறகு, ஒரு மாதம் கழித்து அதே வரப்பில், அதே இடத்தில் நின்று மறுபடி கேமராவைத் திருப்ப வேண்டும். பயிர் எப்படி இருந்தாலும் சரி. அந்த இரண்டாவது வீடியோவுக்காகத்தான் பக்கத்து வயல்காரர் காத்திருக்கிறார். ‘எந்த ஊரு?’ என்று அவர் இனிக் கேட்க வேண்டியதில்லை. அது அவருடைய ஊர்தான்.